முட்டை அட்டையில் ஒட்டியிருந்த வாத்து இறகு

2021 பிப்ரவரி 13, சனிக்கிழமை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு வளர்குஞ்சு ஷெட்டின் கதவைத் திறந்தேன். கதவுச் சத்தம் கேட்டதும் அறுநூறு குஞ்சுகளும் தீவனத் தட்டை நோக்கி ஓடிவரும் இரைச்சல்தான் தினமும் முதலில் காதில் விழும். அன்று பாதிக் குஞ்சுகள் இருந்த இடத்திலேயே கழுத்தை உள்ளுக்கிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. சுவரோரமாக ஏழு செத்துக் கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். உடலில் காயமில்லை, தீவனப்பை நிறைந்திருந்தது, அலகின் ஓரத்தில் பசைபோல நீர் ஒழுகியிருந்தது, அப்போதுதான் முளைவிட்டிருந்த கொண்டையின் நுனி நாவற்பழக் கறை பட்டதுபோலக் கருநீலமாக இருந்தது. கீழே பரப்பியிருந்த தென்னை நார்க்கழிவின் மேல், கறிவேப்பிலையை அரைத்து ஊற்றியதுபோலப் பச்சைக் கழிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று. திங்கட்கிழமை காலை ஐம்பத்தெட்டு.

எங்கள் பண்ணை பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் மீனாட்சிபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், தீவனமும் மருந்தும் பொள்ளாச்சியிலிருந்து, முட்டை விற்பனை சித்தூர், கொல்லங்கோடு கடைகளுக்கு என்று எல்லைக்கு இருபுறமும் கால் வைத்த பிழைப்பு. அப்போது ஒரு ஷெட்டில் 1,800 முட்டைக்கோழிகளும், இருபது மீட்டர் தள்ளி இன்னொரு சிறு ஷெட்டில் பத்து வாரக் குஞ்சுகள் அறுநூறும் இருந்தன. நானும் என் மனைவியும் ஒரு வேலையாளும்தான் எல்லாம்.

அந்த ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில்தான் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் செத்ததற்கு எச்5என்8 பறவைக் காய்ச்சலே காரணம் என்று உறுதியாகி, கேரள அரசு அதை மாநிலப் பேரிடராக அறிவித்திருந்தது. அந்த மாவட்டங்களில் பரந்திருக்கும் குட்டநாட்டுக்கு இது புதிதல்ல. 2014 நவம்பரிலும் 2016இலும் அங்கே வாத்துகளை ஆயிரக்கணக்கில் அழித்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் கோழிக்கோட்டிலும் வந்தது. ஆனாலும் இவையெல்லாம் எங்களுக்குத் தொலைக்காட்சிச் செய்திகளாகத்தான் இருந்தன. தமிழ்நாட்டுக்காரர்கள் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிகளில் நின்று லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகுதான் பயம் எங்கள் வாசலுக்கு வந்தது. நம் பக்கத்திலிருந்து போகிற வண்டியை அந்தப் பக்கத்தில் நோய் வண்டியாகப் பார்க்கிறார்கள் என்பது மனத்தில் ஒரு மாதிரி உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளிப்படையாக எழுதுவதென்றால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். பறவைக் காய்ச்சல் உறுதியானால் நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லா வளர்ப்புப் பறவைகளையும் அழிப்பார்கள், பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதியாக அறிவிப்பார்கள் என்பது அதற்குள் எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. என் ஷெட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிற இரண்டு பண்ணைகள் இருந்தன. அதற்கு மேல் வீட்டுக்கு வீடு ஐந்தும் பத்துமாக நாட்டுக்கோழிகள். "ஏங்க, நம்ம வாயால சொல்லி ஊர்க் கோழியெல்லாம் சாகணுமா? ரெண்டு நாள் பாக்கலாமே" என்றாள் மனைவி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் நினைத்ததைத்தான் அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதும் கைக்கு வசதியான சாக்காக இருந்தது.

திங்கட்கிழமை ஐம்பத்தெட்டை எண்ணி முடித்த பிறகு மிருகாஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "ஒண்ணையும் வெளிய எடுக்காதீங்க. நீங்களா அறுத்துப் பாக்காதீங்க. வேற எந்தப் பண்ணைக்கும் போகாதீங்க. நான் வரேன்" என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். இன்று காலை என்று பொய் சொன்னேன். வெள்ளை உடுப்பும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வந்தவர், ஷெட்டின் பின்புறம் நான் மூடி வைத்திருந்த சாக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்குக் காலைல செத்த கோழி இப்படி ஊதிப் போகுமா, அண்ணா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தொண்டையிலிருந்தும் எச்சத்துவாரத்திலிருந்தும் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார். கேரளத்தில் இத்தகைய மாதிரிகளைத் திருவல்லாவில் உள்ள பறவை நோய் ஆய்வகத்தில் பார்ப்பார்கள். பறவைக் காய்ச்சல்தான் என்று இறுதியாக உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம்.

முடிவு வர ஐந்து நாட்களாயின. பறவைக் காய்ச்சல் இல்லை. ராணிகேட், அதாவது நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வது. அதற்குள் அறுநூறில் 388 போய்விட்டிருந்தன. பெரிய கோழிகள் அதிகம் சாகவில்லை என்றாலும் 1,500 முட்டை வந்த இடத்தில் 1,100 வந்தது. அதிலும் பாதி ஓடு வெளுத்து, விரல் வைத்தால் உள்ளே அமுங்கும் அளவுக்கு மெலிந்திருந்தது.

பறவைக் காய்ச்சல் இல்லை என்றதும் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். ஆனால் அன்று இரவே நான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். அந்த இரண்டு நாள் தாமதத்தில் என் பண்ணையிலிருந்து என்னென்ன வெளியே போயிற்று? ஞாயிற்றுக்கிழமை முட்டை வியாபாரி வழக்கம்போல ஆட்டோவில் வந்து நூறு அட்டை முட்டை எடுத்துக்கொண்டு போனார். போகும் வழியில் இன்னும் நான்கு பண்ணைகளில் ஏற்றினார். செத்த குஞ்சுகளில் சிலவற்றை, கெளுத்தி மீன் வளர்க்கும் ஒருவர் சாக்கில் வாங்கிப் போனார். அதே சாக்கோடு அவர் வேறு எட்டுப் பண்ணைகளுக்குள் நுழைகிறவர். எங்கள் வேலையாள் மாலையில் போய் மைத்துனர் வீட்டுக் கோழிக்கூட்டைச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். தீவனச் சாக்குகளைக் கடைக்காரர் திரும்ப எடுத்துப் போனார். நோய் வானத்திலிருந்து என் பண்ணைக்குள் விழுமோ என்று நான் ஒரு மாதமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது எச்5 வகை வைரஸாக இருந்திருந்தால், நாற்பத்தெட்டு மணி நேரத்தில் அதைப் பத்துப் பதினைந்து இடங்களுக்கு என் கையாலேயே அனுப்பி வைத்திருப்பேன்.

வெள்ளைக்கழிச்சல் ஏன் வந்தது என்பது இன்னும் வெட்கப்பட வேண்டிய கதை. குட்டநாட்டுச் செய்தி வந்ததும் பயத்தில் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடத் தொடங்கினேன். அதுவே தனியாகப் பார்த்தால் நல்ல காரியம். ஆனால் ஜனவரி இரண்டாம் வாரத்தில் குஞ்சுகளுக்கு லசோட்டா தடுப்பு மருந்தை அதே தொட்டித் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். லசோட்டா உயிருள்ள வைரஸ். குளோரின் அதைக் கொன்றுவிடும். கோழிகள் குடித்தது வெறும் தண்ணீர். அடுத்து, எட்டாவது வாரத்தில் அதே நோய்க்குப் போட வேண்டிய ஆர்2பி என்ற தடுப்பூசி. ஊர் ஊராகப் போய் ஊசி போடுகிற குழு அது. பத்துப் பண்ணை மிதித்த கால் என் ஷெட்டுக்குள் வரக்கூடாது என்று அவர்களை வர வேண்டாம் என்றேன். ஆட்களை நிறுத்தியது சரி, ஊசியை நிறுத்தியது தவறு. மனைவிக்கும் எனக்கும் ஊசி போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அப்போதே டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். பிறகு அதைத்தான் செய்தோம். பெரிய கோழிகள் தப்பியதற்குக் காரணம், அவற்றுக்கு முட்டையிடும் பருவத்துக்கு முன்பே, வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி போட்டிருந்ததுதான்.

இப்போது மருந்து கலக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்திவிடுகிறோம். தொட்டியையும் குழாயையும் வெறும் கிணற்றுத் தண்ணீரால் அலசி, மருந்து கலக்கும் தண்ணீரில் முதலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை லிட்டருக்கு ஐந்து கிராம் அளவில் கரைத்துச் சிறிது நேரம் விடுகிறோம். தண்ணீரில் மிச்சம் மீதி குளோரின் இருந்தால் பால் அதை முறித்துவிடும். கோழிகளுக்கு ஒன்றரை மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும் விடியற்காலையில் கொடுக்கிறோம். மருந்துக் குப்பி கடையிலிருந்து ஷெட் வரை ஐஸ் பெட்டியில்தான் வர வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து அரை மணி நேரம்தானே என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த காலமும் உண்டு.

கோழியைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்கிற நம்பிக்கை எனக்கு அந்த வாரத்தோடு போயிற்று. திடீர்ச் சாவு, பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், முகவீக்கம், நீலம் பாய்ந்த கொண்டை, முட்டைக் குறைவு, ஓடு மெலிதல் எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. கழுத்து முறுக்கிக்கொள்வது வெள்ளைக்கழிச்சலின் அடையாளம் என்பார்கள். எங்கள் குஞ்சுகளில் அது தெரிய ஆறாவது நாள் ஆயிற்று, அதுவும் பிழைத்தவற்றில்தான். பறவைக் காய்ச்சலிலும் நரம்பு பாதிக்கப்பட்டால் கழுத்து திரும்பும். கால்களில் இறகில்லாத இடத்தில் இரத்தம் கட்டிச் சிவந்திருந்தால் பறவைக் காய்ச்சலைச் சந்தேகிக்கச் சொல்கிறார்கள்; ஆனால் கோழிகள் வேகமாகச் சாகும்போது அந்த அடையாளம் தோன்றக்கூட நேரமிருக்காது. ஆகவே ஆய்வகத்தைத் தவிர வழியில்லை. சந்தேகம் இருக்கும்போது நாமே கோழியை அறுத்துப் பார்ப்பது, பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம், மிக ஆபத்தானது. உள்ளே இருப்பதெல்லாம் கையிலும் மண்ணிலும் காற்றிலும் பரவிவிடும்.

அடுத்த ஆண்டு அறுவடை முடிந்ததும் வாத்துகள் வந்தன. இரண்டாம் போகமான முண்டகன் நெல் அறுத்த பிறகு பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் பகுதி வயல்களில் ஆயிரக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து மேய்ப்பது பழைய வழக்கம். சிந்திய நெல்லும் நத்தையும் வாத்துக்கு, இரவில் பட்டி போட்டால் எரு வயலுக்கு, அதற்கு மேல் கொஞ்சம் பணம் நிலத்துக்காரருக்கு. எங்கள் ஷெட்டை ஒட்டிய வயல் சித்தப்பாவுடையது. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில் வலை கட்டிப் பட்டி போட்டிருந்தார்கள்.

"சித்தப்பா, இந்த வருசம் மட்டும் மேட்டு வயல்ல போடச் சொல்லுங்க" என்றேன்.

"வாத்து நல்லாத்தானப்பா இருக்கு. ஒண்ணாவது தலை சாஞ்சு பாத்தியா? உன் கோழிதான் செத்துது போன வருசம்" என்றார்.

அவர் கேலியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் வைரஸ் வாத்துகளின் குடலில் வளர்ந்து எச்சத்தில் வெளியேறினாலும், பல நேரங்களில் வாத்து நோய்வாய்ப்பட்டதாகவே தெரியாது. அதே வைரஸ் கோழிக்குள் வந்தால் இரண்டு மூன்று நாட்களில் ஷெட்டே காலியாகிவிடும். சில வகை வைரஸுக்கு வாத்துகளும் கூட்டமாகச் சாகின்றன, குட்டநாட்டில் அதுதான் நடந்தது. ஆனால் சாகாத வாத்து நோயில்லாத வாத்து ஆகாது. அக்டோபர், நவம்பரில் வடக்கிலிருந்து வரும் நீர்ப்பறவைகள் மீன்கரை, சுள்ளியாறு அணைகளிலும் ஏரிகளிலும் இறங்கி மார்ச் வரை இருக்கின்றன. அவை நேராக என் ஷெட்டுக்குள் வருவதில்லை. அவை இறங்கிய தண்ணீரில் வாத்து இறங்குகிறது, வாத்து இறங்கிய வாய்க்கால் என் வேலியோரம் ஓடுகிறது, அந்த வாய்க்காலில் நான் தீவனத் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் விடும் நாட்களில் கிணற்று மோட்டாரைப் போடாமல் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றியதும் உண்டு; கரண்டு மிச்சம் என்று நினைப்பு. எச்சத்தில் உள்ள இந்த வைரஸ் குளிர்ந்த ஈரத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடிருக்கும், நல்ல வெயிலும் உலர்வும் பட்டால் வெகு சீக்கிரம் அழியும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு வாய்க்காலை விட்டேன்.

சித்தப்பாவோடு வாதாடிப் பயனில்லை என்று வாத்துக்காரரிடமே பேசினேன். அவர் தமிழ்நாட்டுக்காரர், நான் சொன்னதை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார். நோய் வந்தால் முதலில் அழிக்கப்படுவது அவருடைய வாத்துகள்தானே. பட்டியை நானூறு மீட்டர் தள்ளி மேட்டு வயலுக்கு மாற்றினார். சித்தப்பாவுக்கு வரவேண்டிய பணத்தில் குறைந்ததை நான் கொடுத்தேன். ஒரு மூட்டைத் தீவனத்தின் விலைகூட ஆகவில்லை.

இறகு விஷயத்துக்கு வருகிறேன். நோய்க்குப் பிறகு டாக்டரம்மா எங்கள் பண்ணைக்குள் வந்து போகும் பொருட்களையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதச் சொன்னார். ஆட்கள், வண்டிகள், சாக்குகள் என்று எழுதிக்கொண்டு போனவன் முட்டை அட்டைகளை எழுத மறந்துவிட்டேன். அவ்வளவு பழகிய பொருள். அவரே எழுந்து போய் அடுக்கிலிருந்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் கவிழ்த்துக் காட்டினார். முப்பது குழிகளில் நான்கைந்தில் காய்ந்த மஞ்சள் கரு. ஒரு குழியின் அடியில் களிமண்ணோடு ஒட்டிய சிறு இறகு, வெள்ளையில் பழுப்புக் கோடு. என் பண்ணையில் அந்த நிறத்தில் கோழியே கிடையாது. அது வாத்து இறகு. வியாபாரி கோழி முட்டையோடு வாத்து முட்டையும் எடுக்கிறவர்; கேரளத்தில் வாத்து முட்டைக்கு என்றும் கிராக்கி உண்டு. எந்த வயலில், எந்தப் பட்டியில் நிறைந்த அட்டையோ, கழுவாமல் காலியாக என் முட்டை அறைக்குள் வந்து, அங்கிருந்து என் மனைவியின் கையோடு ஷெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. வேலி, வலை, பிளீச்சிங் எல்லாவற்றையும் தாண்டி, நானே தினமும் காலையில் வாத்துப் பட்டியை உள்ளே தூக்கிச் சென்றிருக்கிறேன்.

சொந்தமாக 150 அட்டைகள் வாங்கினோம். எல்லாம் நீலம், வியாபாரியுடையவை பச்சையும் சிவப்பும் ஆகையால் கலந்தால் உடனே தெரிந்துவிடும். கேட்டுக்கு வெளியே சாலையோரம் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு, நீல அட்டையில் வரும் முட்டையை அங்கே அவருடைய அட்டைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, நீல அட்டை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்து திரும்பிப் போகும். வியாபாரிக்கு இது பிடிக்கவில்லை. "ஆயிரம் பண்ணையில இல்லாத சட்டம் உங்களுக்கு மட்டும் எதுக்குங்க?" என்று கேட்டு, நேரம் விரயமாகிறது என்று முட்டைக்குப் பத்துப் பைசா குறைத்தார். 1,500 முட்டைக்கு நாளுக்கு 150 ரூபாய். எங்களைப் போன்ற சிறு பண்ணைக்கு மாதம் 4,500 ரூபாய் விளையாட்டுக் காசல்ல. மூன்று மாதம் பொறுத்துக்கொண்டு, பிறகு கொல்லங்கோட்டில் இரண்டு கடைகளுக்கு நாங்களே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் பழைய விலைக்கு இறங்கி வந்தார். நாமக்கல் போன்ற இடங்களில் லட்சக்கணக்கில் கோழி வைத்திருப்பவர்களுக்கு அட்டை கழுவத் தனி ஆளும் வண்டி நனைக்கத் தனிக் குழியும் உண்டு. இங்கே அதற்கெல்லாம் மனைவியின் இடுப்புதான் வளைகிறது என்பதையும் எழுதாமல் விடக்கூடாது.

செத்த கோழியை மீன் வளர்ப்பவருக்குக் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினோம். ஷெட்டிலிருந்து தள்ளி, கிணற்றுக்கு எதிர்த்திசையில் ஆறடி ஆழக் குழி, மேலே சிமெண்டுப் பலகை, கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். ஒவ்வொன்றைப் போடும்போதும் ஒரு சட்டிச் சுண்ணாம்பு. நாயும் காக்கையும் கிளறாததால் நாற்றமும் குறைந்தது. இதே பகுதியில் சாக்கில் கட்டிக் கால்வாயில் விடுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கேட்டால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். எங்கே போய்ச் சேரும் என்பதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

செருப்பு விஷயத்தில் நான் செய்த முதல் ஏற்பாடு வெறும் சடங்காக முடிந்தது. ஷெட் வாசலில் தொட்டி கட்டிப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வைத்தேன். இரண்டே நாளில் அது எச்சமும் மண்ணும் கலந்த பழுப்புக் குழம்பாயிற்று. அழுக்கு சேர்ந்த மருந்துத் தண்ணீர் எதையும் கொல்லாது. தொட்டியை மாற்றுவதைவிடச் செருப்பை மாற்றுவது எளிது என்று பிறகுதான் தோன்றியது. இப்போது ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித்தனி ரப்பர்ச் செருப்பு. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் வெளிச்செருப்பு, தாண்டினால் உள்செருப்பு, பக்கத்தில் கை கழுவ வாளியும் சோப்பும். இந்த வைரஸைச் சுற்றி இருப்பது கொழுப்பாலான உறை. சாதாரணச் சோப்புத் தண்ணீர் அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கும். விலையுயர்ந்த மருந்தை அழுக்கின் மேல் ஊற்றுவதைவிட, பிரஷ்ஷால் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதன்மேல் மலிவான மருந்து அடிப்பது மேல். வேலையாளிடம் அவர் வீட்டில் கோழி வளர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அதற்கு ஈடாக வாரத்துக்கு ஒரு அட்டை முட்டை. விருந்தாளிகளைத் தடுப்பதுதான் கடினம். பொள்ளாச்சியிலிருந்து வந்த பெரியம்மா மகன், அவரும் பண்ணைக்காரர், "என்னையே வெளிய நிறுத்துறியா" என்று கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் போய்விட்டார். சமாதானமாக ஒரு வருடம் ஆயிற்று.

இழப்பீடு பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2021இல் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய், அழிக்கும் முட்டைக்கு 5 ரூபாய் என்று அறிவித்தார்கள். பதினாறு வாரம் வளர்த்து முட்டையிடத் தயாரான கோழிக்கு நான் செலவு செய்திருந்தது அந்த 200ஐவிட அதிகம். மத்திய அரசின் செயல்திட்டம் இழப்பீடு என்று பேசுவது அரசு அழிக்கும் பறவைக்கு. அதற்கு முன் தானாகச் செத்ததை நம்பி யாரும் கணக்குப் போட முடியாது. அப்படியானால் மறைத்து வைத்த ஒவ்வொரு நாளும் கையிலிருந்து போகிற பணம். கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்ப்பவர்கள் நிலை வேறு: குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, இவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி மட்டுமே. கோழி அழிந்தால் அதன் விலை கோழிக்குச் சொந்தக்காரரைச் சேரும். ஷெட் பல மாதம் காலியாகக் கிடப்பதற்கு யாரும் எதுவும் தருவதில்லை. 2024இல் ஆலப்புழையிலும் சுற்றுப் பகுதிகளிலும் மீண்டும் மீண்டும் நோய் வந்ததால் ஆண்டு முடியும் வரை பறவை வளர்ப்பையே தடைசெய்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்தக் காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள் என்று பக்கத்துப் பண்ணைத் தம்பிகளிடம் சொல்கிறேன். கேட்டவர்களுக்கும் இதுவரை நேரான பதில் கிடைக்கவில்லை.

இன்னொன்று, உடம்பைப் பற்றி. நம்மவர்கள் கோழி செத்தால் வெறுங்கையால் அள்ளுவார்கள். 2021 ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுவன் எச்5என்1 தாக்கி தில்லி எய்ம்ஸில் இறந்தான். இந்தியாவில் அந்த வைரஸால் பதிவான முதல் மனித மரணம் அது. மனிதருக்கு வருவது அரிது. ஆனால் வருகிறவர்களில் முன்வரிசையில் இருப்பது செத்த பறவையைக் கையாளும் நாம்தான். முகக்கவசமும் கையுறையும் ஷெட் வாசலில் ஆணியில் தொங்குகின்றன. நன்றாக வேகவைத்த முட்டையாலும் கறியாலும் நோய் வராது. 70 டிகிரி வெப்பத்தில் வைரஸ் அழிந்துவிடும். செய்தி வந்த வாரத்தில் கடைக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. விற்பனை மட்டும் ஏறவில்லை.

இப்போது ஷெட் கதவின் உட்புறம் ஒரு காலண்டர் தாள் தொங்குகிறது. தினமும் செத்தது எத்தனை, தண்ணீர் எத்தனை லிட்டர், முட்டை எத்தனை என்று மனைவி பென்சிலால் எழுதுகிறாள். சாவைவிடத் தண்ணீர்க் கணக்கு முந்திக்கொள்கிறது. கோழிக்கு முடியவில்லை என்றால் முதல் நாளே தண்ணீர் குறையும். 1,800 கோழியில் ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு சாவது வழக்கம். ஒரே நாளில் ஆறு ஆனாலோ, காரணம் தெரியாமல் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, அன்றைக்கே மிருகாஸ்பத்திரிக்குப் போன்; கேட் பூட்டு; முட்டை வெளியே போகாது. இந்த எண்கள் அரசு விதியல்ல, எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்டவை. இதுவரை மூன்று முறை போன் செய்திருக்கிறோம். ஒரு முறை வெயில், ஒரு முறை தீவனத்தில் பூஞ்சை, ஒரு முறை நிப்பிள் குழாயில் அடைப்பு. மூன்று முறையும் டாக்டரம்மா வந்தார், திட்டவில்லை.

போன மாசி மாதம் அதே வாத்துக்காரர் மறுபடி வந்தார். கேட்டுக்கு வெளியே, ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சத்தமாகக் கூப்பிட்டார். வெளியே போனேன். வழியில் பதினாறு வாத்து செத்துவிட்டது, மிருகாஸ்பத்திரி நம்பர் வேண்டும் என்றார். பலகையில் எழுதியிருந்ததைக் காட்டினேன். என் கண்ணெதிரிலேயே போன் செய்துவிட்டு, டாக்டர் வரும் வரை வாத்தை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டார். சித்தப்பாவும் அங்கேதான் நின்றிருந்தார். "மேட்டு வயல்ல நிறுத்துப்பா, வாய்க்கால் பக்கம் விடாதே" என்று அவரே சொன்னார்.